நுழைவாயிலில் நிற்கும் பிள்ளைகள்: தேர்வுகளின் வரலாறும் நம் சமுதாயமும்

பள்ளிக்கூடங்கள் திறந்த சில நாள்களில், மஃரிப் தொழுகைக்குப் பின் மக்தப் பிள்ளைகள் ஓதி முடித்துப் புறப்படும் நேரத்தில், ஒரு தந்தை நம்மிடம் வந்து தயங்கி நின்றார். வேங்கிக்காலில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தாள்.

"ஹஜ்ரத், பிள்ளையை நீட் கோச்சிங்ல சேர்த்திருக்கோம். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் வகுப்பாம். ஓதுறதை ஒரு வருஷம் நிறுத்திக்கலாமா? பாவமாயிடுமா?"

உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. ஜும்ஆவுக்குப் பின் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். இடையில் கிடைத்த நாள்களில், தேர்வு என்னும் இந்த வாசல் எங்கிருந்து வந்தது, நம் முன்னோர் அதன் முன் எவ்வாறு நின்றனர் என்பதைத் தேடிப் படித்தோம். அதையே இங்கு எழுதுகிறோம்.

நம் மரபில் மாணவர் ஆசிரியரைத் தேடிச் செல்வதே வழக்கம். எந்த மத்ரஸாவில் படித்தார் என்பதைவிட யாரிடம் ஓதினார் என்பதே கேள்வி. ஓதி முடித்தவருக்கு ஆசிரியர் தம் கையால் இஜாஸா எழுதித் தருவார். ஆயினும் அந்த வாசலிலும் முன்தயாரிப்பு என்பது உண்டு. ஹிஜ்ரி 150-இல் காஸாவில் பிறந்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தந்தையை இழந்தவர். தாயார் அவரை மக்காவுக்கு அழைத்து வந்து வளர்த்தார். காகிதம் வாங்க வசதியில்லாமல் எலும்புகளில் எழுதிப் படித்த பிள்ளை அவர். மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்க ஆசைப்பட்டபோது, முதலில் மாலிக் அவர்களின் முவத்தா நூலை ஒருவரிடம் இரவல் வாங்கி மனனம் செய்தார். பிறகுதான் பயணம்.

புறப்படும்போது மக்காவின் ஆளுநரிடமிருந்து மதீனாவின் ஆளுநருக்குப் பரிந்துரைக் கடிதமும் வாங்கிக்கொண்டார். அக்கடிதத்தைக் கண்ட இமாம் மாலிக் சினந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். நபி (ஸல்) அவர்களின் கல்வியையும் சிபாரிசால் தேடும் காலம் வந்துவிட்டதா என்பது அவருடைய வருத்தம். ஆளுநர் வாயடைத்து நிற்க, சிறுவர் தாமே முன்வந்து பேசினார். மறுநாள் முவத்தாவைப் பாராமல் ஓதினார். இடம் கிடைத்தது. கடிதத்தைக் கொண்டு திறக்காத கதவு மனனத்தைக் கொண்டு திறந்தது என்பதை, 'யாரையாவது பிடித்து' இடம் வாங்கலாமா என்று நம்மிடம் கேட்கும் பெற்றோருக்கு நாம் பலமுறை சொல்லியிருக்கிறோம்.

மருத்துவத்துக்கான தேர்வும் நமக்குப் புதியதன்று. ஹிஜ்ரி 319-இல், அதாவது கி.பி. 931-இல், பக்தாதில் ஒரு மருத்துவரின் தவற்றால் நோயாளி ஒருவர் இறந்தார். செய்தி கலீஃபா முக்ததிருக்கு எட்டியது. ஸினான் இப்னு ஸாபித் என்னும் மூத்த மருத்துவர் தேர்ந்து சான்று அளித்தவர் மட்டுமே இனி மருத்துவம் பார்க்கலாம் என்று அவர் ஆணையிட்டார். அந்நகரில் தேர்வுக்கு வந்தவர்கள் 860-க்கும் மேல். அரசவை மருத்துவர்களுக்கும் புகழ்பெற்றவர்களுக்கும் விலக்கு இருந்தது (எந்தக் காலத்திலும் அப்படித்தான் போலும்).

அத்தேர்வுக்கு நல்ல உடையும் கம்பீரமும் கொண்ட முதியவர் ஒருவர் வந்த கதை சுவையானது. ஸினான் அவரைப் பெரிய அறிஞர் என்றெண்ணி மரியாதையாக அமர வைத்தார். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டபோது முதியவர் பொற்காசு மடித்த தாள் ஒன்றை அவர் முன் வைத்து, தமக்கு எழுதவோ படிக்கவோ தெரியாது, இத்தொழிலால்தான் குடும்பம் பிழைக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அறியாத நோய்க்கு மருந்து தருவதில்லை, இரத்தம் எடுப்பதோ கடும்பேதி கொடுப்பதோ கூடாது என்னும் நிபந்தனையோடு ஸினான் அவரைப் போகவிட்டார். நான் என்றைக்கும் சர்பத் வகைகளைத் தாண்டியதில்லையே என்றாராம் முதியவர். மறுநாள் அழகிய இளைஞர் ஒருவர் வந்தார். யாரிடம் கற்றாய் என்றால், என் தந்தையிடம் என்றார். தந்தை யார்? நேற்று வந்த அதே முதியவர்!

சிரிப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பக்தாதின் தேர்வு நோயாளியின் உடலைத் தொடப்போகிறவரை, அவர் கற்று முடித்த பிறகு சோதித்தது. அதன் நோக்கம் உயிரைக் காப்பது. இன்று நம் பிள்ளைகள் எழுதுவதோ, ஒன்றும் கற்கத் தொடங்குமுன் எழுதும் தேர்வு. இடங்கள் குறைவு, கேட்பவர் மிகுதி. ஆகவே வரிசைப்படுத்த ஒரு கருவி வேண்டியிருக்கிறது. வரிசையில் முன்னே நிற்பவருக்கு இடம் கிடைக்கும். பின்னே நிற்பவர் தகுதியற்றவர் என்று அதற்குப் பொருளில்லை. இவ்வேறுபாடு பெற்றோருக்கு விளங்காததால் வீடுகளில் நிகழும் துயரங்களை நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

இத்தகைய வரிசைத் தேர்வு நம் நாட்டுக்கு வந்தது 1857-இல். அவ்வாண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய மெட்ரிகுலேசன் என்னும் தேர்வில் தேற வேண்டும். அதன் முதல் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் ஆவர். இருவரும் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் நடத்திய செமினரியில் பயின்றவர்கள். தேர்வு வருமுன்னரே அதற்கேற்ற பள்ளி அவர்கள் ஊரில் இருந்தது. முந்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம்மவர் எங்கே இருந்தனர்? கல்லாதிருந்தனர் என்று சொல்வது அநியாயம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீட்டுப் பெண்கள் உள்படப் பலர் அறபுத் தமிழ் வாசித்தனர். கடைக் கணக்கு எழுதினர். கொழும்புக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் வணிகம் செய்தனர். ஆற்காட்டு நவாபின் ஆதரவில் 1849-இல் சென்னையில் மத்ரஸா-இ-ஆஸம் தோன்றியது. ஆனால் மெட்ரிகுலேசன் கேட்டது ஆங்கிலத்தை. அறபுத் தமிழில் மார்க்க நூல்களைச் சரளமாக வாசித்த ஒரு பெண் அத்தேர்வின் கண்ணுக்கு எழுத்தறியாதவளே. ஆங்கிலப் பள்ளிக்குப் போனால் ஈமான் போய்விடும் என்னும் அச்சமும் இருந்தது. மிஷன் பள்ளிகளே பெரும்பாலும் கிடைத்த அக்காலத்தில் அந்த அச்சத்தை முற்றிலும் பிழை என்று நாம் சொல்லமாட்டோம். பிழை எதுவென்றால், மாற்றாக நாமே ஒரு பள்ளியைக் கட்ட இரண்டு தலைமுறை எடுத்துக்கொண்டதுதான்.

1871-இல் மேயோ பிரபுவின் அரசு முஸ்லிம்களின் கல்வி நிலை பற்றித் தனித் தீர்மானம் வெளியிட வேண்டிய அளவுக்கு நிலைமை இருந்தது. 1882-இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழுவும் நமக்கெனத் தனிப் பரிந்துரைகள் எழுதியது. வடக்கே அலிகரில் சர் சையத் அஹ்மத் கான் 1875-இல் பள்ளி தொடங்கினார். கொழும்பில் சித்தி லெப்பை முதலானோரின் முயற்சியால் ஸாஹிரா 1892-இல் பிறந்தது. நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது 1919-இல். திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரிக்கும் சென்னை புதுக்கல்லூரிக்கும் 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீதிபதி பஷீர் அஹ்மத் சயீத் சென்னையில் பெண்களுக்கான கல்லூரியை 1955-இல் நிறுவினார். பல்கலைக்கழகம் 1857, பெண்களுக்கான அக்கல்லூரி 1955. இடைப்பட்ட 98 ஆண்டுகளில் மருத்துவராகியிருக்கக்கூடிய, ஆசிரியையாகியிருக்கக்கூடிய நம் வீட்டுப் பெண்களின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அந்த 1951 இன்னொரு வகையிலும் முக்கியமானது. அதுவரை சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளின் ஒவ்வொரு 14 இடங்களிலும் 1 இடம் முஸ்லிம்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வகுப்புவாரி ஆணையைச் செல்லாதென்றது. தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பின் விளைவாக அரசியலமைப்புக்கு முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்கு வழி திறந்தது. முஸ்லிம்கள் என்னும் பெயரில் மீண்டும் ஒரு தனி இடம், 3.5 விழுக்காடு, கிடைத்தது 2007-இல்.

இதற்கிடையே 1984-இல் தமிழக அரசு தொழிற்கல்விக்குத் தனி நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பாட மதிப்பெண்கள் 200-க்கும், நுழைவுத் தேர்வு 100-க்குமாக மொத்தம் 300. நாம் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியது அக்காலத்தில்தான். அறிவியல் பாடங்களில் நல்ல மதிப்பெண் வந்தது. நுழைவுத் தேர்வுக்குத் தனியாக விண்ணப்பம் வாங்க வேண்டும் என்பதும், அதற்கான நாள் கடந்துவிட்டது என்பதும் நமக்கு ஒரே நாளில் தெரியவந்தன. வீட்டில் கேட்டறிய ஒருவருமில்லை. பின்னர் இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்று இப்பணிக்கு வந்தோம். அல்ஹம்துலில்லாஹ், அதில் குறையொன்றுமில்லை. ஆனால் அந்த விண்ணப்பத்தை அறியாமல் இழந்ததும், வேண்டாமென்று தெரிந்து விட்டதும் ஒன்றல்ல.

2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அத்தேர்வு நீங்கியது. பத்தாண்டு போலப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே வாசலாக இருந்தது. பிறகு நீட். 2016-இல் ஓராண்டு விலக்குக் கிடைத்தது. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவால் அந்த வாசலும் மூடியது. 1200-க்கு 1176 பெற்ற அரியலூர் மாவட்டத்து அனிதாவை அடுத்த சில நாள்களில் தமிழகம் இழந்தது. விலக்குக் கோரிச் சட்டமன்றம் 2021-இலும் 2022-இலும் மசோதா நிறைவேற்றியது. அரசியல் வாதம் தொடரட்டும். நம் கண் முன் நிற்கும் பிள்ளைக்கோ மே மாதம் தேர்வு வருகிறது.

ஜும்ஆவுக்குப் பின் அந்தத் தந்தை வந்தார். முதலில் மகளின் சாதிச் சான்றிதழைக் கேட்டோம். அவர் எடுத்து வந்த பள்ளிச் சான்றில் 'இஸ்லாம்' என்று மட்டும் இருந்தது. தமிழகப் பட்டியலில் அன்சார், தக்காணி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் என்னும் ஏழு பிரிவினரே பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள். பிரிவைக் குறிப்பிட்டுச் சான்று பெறாவிட்டால் அந்த 3.5 விழுக்காட்டில் நம் பிள்ளை இல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருப்பதும் அவருக்குத் தெரியாது. அவருடைய மகள் படித்ததோ அரசு உதவி பெறும் பள்ளி. அதற்கு இது பொருந்தாது. ஆறாம் வகுப்பில் பள்ளி தேர்ந்தெடுக்கும்போதே அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நம் வேங்கிக்காலிலேயே இருக்கிறது. அதன் மதிலையொட்டித் தினமும் நடந்துபோகும் நம்மவர், சிறுபான்மையினர் நல அலுவலகம் எங்கே என்று கேட்டால் விழிக்கின்றனர்.

ஓதுவதைப் பற்றிய கேள்விக்கு நாம் தந்த விடை எளியது. நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றிக்கொள்வோம். ஃபஜ்ருக்குப் பின் இருபது நிமிடம், வீட்டிலேயே, தாயாருடன். ஞாயிறு காலை மட்டும் மத்ரஸாவுக்கு. ஆறு மணிக்குத் தொடங்கும் வகுப்பில் மஃரிப் தவறாமலிருக்க, பத்து நிமிட இடைவேளை கேட்கச் சொன்னோம். கேட்டதும் கொடுத்துவிட்டார்களாம். ஹிஜாபுடன் தேர்வெழுதத் தடையில்லை, சோதனைக்காக முன்கூட்டியே மையத்துக்குச் சென்றுவிட வேண்டும் என்பதையும் எடுத்துச் சொன்னோம்.

ஒரு ஞாயிறு அந்தப் பெண் நம்மிடம் கேட்டாள்: "ஹஜ்ரத், தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பா போட்டா தப்பா?" நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண், சரிக்கு 4 கூடும், தவறுக்கு 1 குறையும். இமாம் மாலிக் அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32-க்குத் தெரியாது என்று விடையளித்ததாக வரும் செய்தியைச் சொன்னோம். "இமாமுக்கு கட்-ஆஃப் இல்லையே ஹஜ்ரத்" என்றாள். நமக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மருத்துவ இடம் கிடைக்கவில்லை. மதிப்பெண் பட்டியல் வந்த இரவு தந்தை நம்மிடம் பேசினார். குரலில் கடன் வாங்கிய பணத்தின் கவலை இருந்தது. பக்தாதையும் வரிசையையும் பற்றி அவருக்கு விளங்கும்படி சொன்னோம். மகளை ஒரு வார்த்தையும் கடிந்து பேசவேண்டாம் என்று மட்டும் அழுத்திக் கேட்டுக்கொண்டோம். மறுமுறை எழுதுவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்தாள். வேறு மாவட்டத்தில் மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்து விடுதிக்குப் போனாள்.

சேர்ந்த முதல் வாரத்தில் தாயாரின் தொலைபேசி வழியாக ஒரு மஸ்அலா கேட்டாள். வீட்டிலிருந்து வெகுதூரம் வந்திருப்பதால் பயணியைப் போல் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழலாமா? ஹனஃபி மத்ஹபில் ஓரிடத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்க எண்ணியவர் பயணியல்லர், முழுமையாகவே தொழ வேண்டும் என்றோம்.

"அப்படின்னா நான் இப்ப இந்த ஊர்க்காரியா ஹஜ்ரத்?"

ஆமாம்மா என்றோம்.