காலி தேசிய கடல்சார் நூதனசாலை

காலிக் கோட்டைக்குள், ஒல்லாந்தர் கட்டிய பழைய பண்டசாலையில் 1992இல் திறக்கப்பட்ட அரும்பொருட் காட்சியகம். முதலில் பார்க்கவேண்டியது ‘அவொண்ட்ஸ்டர்’ கப்பலின் மீட்புப் பொருட்கள். ஆங்கிலேயரிடமிருந்து ஒல்லாந்தர் பறித்த இக்கப்பல், 1659 ஜூலை 2இல் காலித் துறைமுகத்தில் நங்கூரம் நழுவித் தரைதட்டி மூழ்கியது. புயலுமில்லை, போருமில்லை! சிதைவு 1993இல் கரைக்கு மிக அருகே, சில மீற்றர் ஆழத்திலேயே கண்டறியப்பட்டது. உப்பேறிய மரம் சட்டென உலர்ந்தால் வெடித்துவிடும். அதனால் மீட்டவற்றை நீரிலேயே ஊறவிட்டு மெல்லப் பதப்படுத்தினர். 2004 சுனாமி, பதப்படுத்தல் நடந்த பணிக்கூடத்தையும் நூதனசாலையையும் சிதைத்தது. நெதர்லாந்தின் உதவியுடன் நூதனசாலை 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால், காலியில் கிடைத்த, சீனம், தமிழ், பாரசீகம் பொறித்த 1409ஆம் ஆண்டு மும்மொழிக் கல்வெட்டின் மூலத்தைக் காண கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் செல்லவேண்டும்.