தையலில் எழுதிய சரித்திரம்

1957 மார்ச் 6 பிறந்த நள்ளிரவில் கானாவின் விடுதலையை அறிவித்த குவாமே என்க்ருமா, மேனாட்டுக் கோட்டு அணியாது, வடபுல நெசவாளர் நெய்த 'படாகாரி' என்னும் அங்கியுடன் மேடையேறினார். அங்கியைச் சரித்திரம் குறித்துக்கொண்டது. அதை நெய்தவர்களை மறந்தது.

அவ்வடபுலத்துத் தமாலே நகரில் 1987இல் பிறந்த கலைஞர் இப்ராஹீம் மஹமா, கொக்கோ சுமந்து நைந்த சணற்சாக்குகளைத் தைத்திணைத்துக் கட்டடங்களுக்குப் போர்த்திப் புகழ்பெற்றவர். 2024இல் இலண்டன் பார்பிகன் கட்டடத்துக்கு ஏறத்தாழ 2000 சதுர மீட்டர் கைத்தறித் துணியைப் போர்த்தினார். தமாலே விளையாட்டரங்கின் திறந்தவெளியில் பலர் கூடித் தைத்த துணி அது. தையல் வேலையே ஊரார் காணும் நிகழ்த்துகலையாயிற்று. குடும்பங்கள் தலைமுறைகளாகக் காத்துவந்த சுமார் 100 படாகாரிகளையும் அதன்மீது தைத்தனர்.

பெயர் எழுதப்படாத அக்கைகளுக்கு அத்துணியே சரித்திர ஏடாயிற்று.