டூரிஸ்ட் வேனில் ராத்திரியோடு ராத்திரியாக இறங்கும் பேட்டரி: பழுது எங்கே? கண்டுபிடிப்பது எப்படி?

விடிந்தால் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் அதிகாலை 4 மணிக்கே பட்டுப்புடவை சரசரக்க வேனில் ஏறி உட்கார்ந்து விட்டார்கள். டிரைவர் சாவியைத் திருப்புகிறார். 'டக்... டக்...' என்று சத்தம் வருகிறதே தவிர செல்ஃப் அடிக்கவில்லை. வாடகையும் போச்சு, பேரும் கெட்டுப் போச்சு.

டூரிஸ்ட் வேன், கேரவன் ஓட்டுபவர்கள் அடிக்கடி சந்திக்கும் தலைவலி இது. உடனே கடைக்கு ஓடி புது பேட்டரி வாங்கிப் போடுபவர்கள் பலர். ஒரே மாதத்தில் அதுவும் படுத்துவிடும். காரணம், பழுது பேட்டரியில் இல்லாமல் வேறு இடத்தில் இருப்பதுதான்.

கணக்கு எளிது

சபரிமலை சீசனில் நிலக்கல் பார்க்கிங்கில் வேன் மணிக்கணக்கில் நிற்கும். எஞ்சின் ஆப். ஆனால் டிவி, பாட்டு, சீரியல் லைட் எல்லாம் ஓடும். இவை எல்லாம் சேர்ந்து 120 வாட்ஸ் இழுத்தால், 12 வோல்ட் பேட்டரியில் இருந்து 10 ஆம்பியர் போகிறது. 4 மணி நேரத்தில் 40 ஏஎச் காலி. 75 ஏஎச் பேட்டரியில் பாதிக்கு மேல் போய்விடும். மிச்சம் இருப்பதை வைத்து டீசல் எஞ்சினைச் சுற்ற வைப்பது கஷ்டம்.

பிறகு வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து, அரை மணி நேரம் ஐடிலில் விட்டால் பேட்டரி நிறைந்து விடாது. இறங்கிய பேட்டரியை சார்ஜரில் போடுவதே நல்லது. 75 ஏஎச் பேட்டரிக்கு 7 ஆம்பியர் அளவில் 10 மணி நேரத்துக்கு மேல் ஏற்ற வேண்டும்.

முதலில் மீட்டர் வையுங்க

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வண்டியில் இருந்தால் போதும். எஞ்சினை நிறுத்தி 3 மணி நேரம் கழித்து பேட்டரியில் மீட்டரை வைக்க வேண்டும்.

* 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல்: பேட்டரி புல்.
* 12.2 வோல்ட்: பாதிதான் இருக்கிறது.
* 12 வோல்ட்டுக்கு கீழே: காலி.
* சார்ஜ் போட்ட பிறகும் 10.5 வோல்ட்: 6 செல்களில் ஒன்று செத்துவிட்டது. பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் 9.6 வோல்ட்டுக்கு கீழே இறங்கினால் பேட்டரி வீக். 12 வோல்ட்டிலேயே நின்று, 'டக்' சத்தம் மட்டும் வந்தால் டெர்மினல், கேபிள், செல்ஃப் மோட்டார் மீது சந்தேகப்பட வேண்டும்.

சார்ஜ் ஏறுதா?

அடுத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்து, லேசாக ரைஸ் செய்து பார்க்க வேண்டும். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நன்றாக வேலை செய்கிறது. 13 வோல்ட்டைத் தாண்டாவிட்டால் பேன் பெல்ட் லூசா, ஆல்டர்னேட்டர் ஒயர் விட்டிருக்கிறதா, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதும், அழுகிய முட்டை நாற்றம் வருவதும் இதன் அறிகுறிகள்.

பிஎஸ்-6 வண்டிகள் பலவற்றில் சார்ஜிங்கைக் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும். அதில் வோல்ட் சற்றுக் குறைவாகக் காட்டினாலே பழுது என்று முடிவு கட்டக் கூடாது.

ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரைக் கழற்றி, 'எஞ்சின் நிக்கலைன்னா டைனமோ ஓகே' என்று சோதிக்கும் பழைய பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் உண்டு. இது ஆபத்து. வோல்ட் திடீரென எகிறி ஆல்டர்னேட்டர் டையோடும், கம்ப்யூட்டர் போர்டும் எரிந்து போகலாம்.

ராத்திரி திருடன்

சார்ஜ் நன்றாக ஏறியும் காலையில் பேட்டரி காலியா? அப்படியானால் எங்கோ கரண்ட் கசிகிறது. எல்லா சுவிட்சையும் ஆப் செய்து, கதவை மூடி அரை மணி நேரம் விட வேண்டும். பிறகு நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இணைக்க வேண்டும். புது வண்டிகளில் மீட்டரை இணைத்த பிறகும் அரை மணி நேரம் காத்திருந்து அளவைப் பார்க்க வேண்டும். இந்த நேரத்தில் செல்ஃப் அடித்தால் மீட்டர் பியூஸ் போய்விடும், ஜாக்கிரதை.

50 மில்லி ஆம்பியருக்குள் காட்டினால் பயமில்லை. 1 ஆம்பியர் காட்டினால், 2 நாள் நின்ற வண்டியில் 48 ஏஎச் காலி. அப்போது பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கியதும் அளவு இறங்குகிறதோ, அந்த லைனில்தான் கசிவு. எதிலும் இறங்காவிட்டால், பேட்டரியில் இருந்து நேராக இழுத்த ஆம்ப்ளிஃபையர், இன்வெர்ட்டர் ஒயர்களையும், ஆல்டர்னேட்டர் டையோடையும் பார்க்க வேண்டும்.

24 வோல்ட் பஸ்களில் பாட்டு சிஸ்டத்துக்காக ஒரு பேட்டரியில் மட்டும் 12 வோல்ட் லைன் எடுப்பது பெரிய தப்பு. அந்த பேட்டரி காலியாகிக் கொண்டே இருக்கும், இன்னொன்று ஓவர் சார்ஜ் ஆகும். கடைசியில் இரண்டும் வீணாகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது பேட்டரி

டிவி, பேன், பிரிட்ஜ் எல்லாம் வைத்த கேரவனுக்குத் தனி பேட்டரி அவசியம். இரண்டுக்கும் நடுவில் ஐசோலேட்டர் ரிலே இருந்தால், எஞ்சின் ஓடும்போது மட்டும் சேர்ந்து சார்ஜ் ஆகும். நின்றதும் பிரிந்துவிடும். உள்ளே எவ்வளவு பாட்டு ஓடினாலும் ஸ்டார்ட் செய்யும் பேட்டரி தப்பித்துக் கொள்ளும். புது மாடல் வண்டிக்கும், லித்தியம் பேட்டரிக்கும் ரிலே மட்டும் போதாது. அதற்கென உள்ள டிசி-டிசி சார்ஜர் தேவை.

கவனம் தேவை

சார்ஜ் ஆகும் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீப்பெட்டி கூடவே கூடாது. கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது முதலில் பாசிட்டிவ். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆசிட்டோ குழாய்த் தண்ணீரோ ஊற்றக் கூடாது. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை சோடா உப்பு கலந்த வெந்நீரில் கழுவி, துடைத்து, வாசலின் தடவினால் போதும்.

பழைய பேட்டரியில் இருப்பது ஈயம். குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்தால், புது பேட்டரி விலையில் கழித்துக் கொள்வார்கள்.

சவாரிக்கு முதல் நாள் சாயங்காலமே 5 நிமிடம் ஒதுக்கி மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டால், விடியற்காலையில் மாப்பிள்ளை வீட்டாரை இறங்கி வேனைத் தள்ளச் சொல்லும் நிலைமை வராது.