ஓடாத லொறியும் உறங்காத பற்றரியும்

2022 என்றதும் எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் வருவது டீசல் வரிசைகள். வரிசைக்கே வர முடியாமல் வளவுக்குள் நின்ற லொறிகளைப் பற்றி யாரும் பெரிசாக எழுதவில்லை. அந்த வருடம் ஏப்ரல் 12இல் அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தது. பிறகு கியூஆர் அட்டை வந்தது. தொடக்கத்தில் லொறிக்கு வாரம் 50 லீற்றர். லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடுகிற லொறி அதில் 200 கிலோமீற்றர்தான் போகும். திருமலையிலிருந்து கொழும்புக்கு ஒருவழிப் பயணத்துக்கே அது காணாது.

இதில் கசப்பான விசயம் ஒன்று உண்டு. பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் சீனன்குடாவில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். நெருக்கடிக்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 2022 ஜனவரியில், அவற்றைப் பங்கிடும் ஒப்பந்தம் கைச்சாத்தானது: லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு 61. இவ்வளவு தாங்கிகள் இருந்த மாவட்டத்தில்தான் லொறிகள் டீசலில்லாமல் நின்றன.

லொறி நின்றால் எஞ்சினுக்குச் சட்டென்று ஒன்றும் ஆகாது. முதலில் சாவது பற்றரி. 1859இல் பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளான்தே கண்டுபிடித்த ஈய அமிலப் பற்றரிதான் இன்றும் லொறிகளில் இருக்கிறது. சும்மா நிண்டாலும் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெக்கை கூடக்கூட இன்னும் வேகமாக இறங்கும். இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேற்று படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் இறுகிப் பளிங்காகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய சக்தி திரும்பாது. உழைத்துத் தேய்ந்த பற்றரிகளைப் போலவே, உழைக்க விடாமல் செத்த பற்றரிகளும் நிறைய.

இந்த உண்மையை இதே துறைமுகம் 80 வருடங்களுக்கு முன்பே அறிந்திருந்தது. 1944இல் அடமன்ட், மெயிட்ஸ்டன் என்ற இரண்டு தாய்க்கப்பல்கள் இங்கே நங்கூரமிட்டு நின்றன. பிரித்தானிய நீர்மூழ்கிகளைப் பராமரிப்பதுதான் அவற்றின் வேலை. அந்த ஜனவரியில் பினாங்குக்கு அருகே ஜப்பானியக் கப்பல் குமாவை மூழ்கடித்த டாலி-ஹோவும் திருமலையிலிருந்து போனதுதான். அந்த வகை நீர்மூழ்கி ஒன்றுக்குள் 336 பற்றரிக் கலங்கள் இருந்தன. பகலில் நீருக்குள் பற்றரியில் ஓடும். இரவில் மேலே வந்து டீசல் எஞ்சினைப் போட்டுச் சார்ஜ் ஏற்றும். துறைமுகத்துக்குத் திரும்பினாலும் பற்றரிக்கு லீவு கிடையாது. தண்ணி பார்க்கவும் சார்ஜ் ஏற்றவும் ஆளும் பட்டறையும் தாய்க்கப்பலில் தயாராக இருந்தன.

2022இல் லொறிக்காரருக்கு அப்படி ஒரு தாய்க்கப்பல் இருக்கவில்லை. வருமானம் நின்றுபோன மாதங்களிலேயே பற்றரியும் போனால், டீசல் வந்த அன்றும் லொறி ஸ்ரார்ட் ஆகாது. கனரக லொறிகளில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ற் பற்றரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ற் எடுப்பார்கள். ஒன்று பழுதானால் அது மற்றதையும் கெடுக்கும். அதனால் ஒரே தரத்தில் இரண்டையும் மாற்ற வேண்டிவரும்.

தினமும் பத்து நிமிசம் ஸ்ரார்ட் பண்ணி வைத்தால் போதும் என்ற பேச்சு எங்கும் உண்டு. அது டீசலைத்தான் குடிக்கும். இறங்கிக் கிடக்கிற பற்றரி முழுசாக நிறைய மணிக்கணக்கு வேணும். லொறி நீண்ட நாள் நிற்கப்போகிறது என்றால் முதலில் மைனஸ் வயரைக் கழற்றி விடுங்கள். மாதம் ஒருக்கா மீற்றர் வைத்துப் பாருங்கள்: நிறைந்த பற்றரி 12.6 அல்லது 12.7 வோல்ற் காட்டும், 12.4க்கு இறங்கினால் வெளிச் சார்ஜர் போட வேணும். சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய ஐதரசன் வாயு வரும், ஆகவே காற்றோட்டமான இடம் தேவை, பக்கத்தில் நெருப்பு கூடாது. மூடி திறக்கிற பற்றரி என்றால் வடித்த தண்ணி மட்டும் விடுங்கள். கிணற்றுத் தண்ணியின் உப்பு தகட்டைக் கெடுக்கும். கடற்காற்றில் முனைகள் பூத்துப்போகும், துடைத்து வஸ்லின் பூசுங்கள். ஒழுங்கான கட்டுப்படுத்தியோடு ஒரு சின்னச் சூரியத் தகடு பூட்டினால் பாதிக் கவலை தீரும். எங்கள் ஊரில் வெயிலுக்கு கியூஆர் கேட்பதில்லை.

2023 செப்ரெம்பரில் பங்கீடு நின்றது. துறைமுகம் யாருக்கு, தாங்கிகள் யாருக்கு என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை. அந்தப் பேச்சில் லொறிக்காரருக்கு இடம் கிடைக்கும் நாள் எப்போது வருமோ தெரியாது. அதுவரைக்கும் அவருடைய தாய்க்கப்பல், ஒரு மீற்றரும் ஒரு சார்ஜரும்தான்.