ஐந்து நிரல்களும் ஒரு மேக்ஃபைலும்

செங்கல்பட்டில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்விடலாம். அங்கே இருக்கிற ஐந்து ரதங்கள் 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. திரௌபதி ரதம் குடிசை மாதிரி, பீம ரதம் வண்டிக்கூடு மாதிரி. ஆனால் திரௌபதி ரதமும் அர்ச்சுன ரதமும் நிற்பது ஒரே மேடையில். மேடையில் விரிசல் விட்டால் இரண்டுக்கும் ஆபத்துதான்.

அங்கிருந்து வடக்கே, ஓ.எம்.ஆரில் நான் வேலை பார்த்த புராஜெக்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். தனித்தனியாக ஓடும் ஐந்து நிரல்கள், அடியில் பொதுவாக ஒரு லைப்ரரி. ஒரு ஜூனியர் பையன் லைப்ரரியின் ஹெடர் ஃபைலில் புதிதாக ஒரு ஃபீல்டைச் சேர்த்தான். மறுநாள் நிரல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிய தகவல் குப்பையாக வந்தது. "ஏம்பா, டெஸ்ட் பண்ணாமலா கமிட் பண்ணுவே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். இரண்டு நாள் அவன் தன் கோடையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். கோடில் தப்பே இல்லை. ஐந்தாவது நிரல் மட்டும் மறுபடி கம்பைல் ஆகவில்லை.

1976-லேயே நடந்த கதைதான் இது. அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலை முழுவதும் சரியான நிரலில் பிழை தேடிவிட்டு, விதியைத் திட்டிக்கொண்டே ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனின் அறைக்குள் வந்தார். பிழையை ஏற்கெனவே திருத்தியாகிவிட்டது. திருத்திய ஃபைல்தான் கம்பைல் ஆகவில்லை. முந்தைய நாள் மாலை ஃபெல்ட்மேனுக்கும் அதே பாடு. வாரக் கடைசி வேலையாக அவர் எழுத ஆரம்பித்ததுதான் மேக். எது எதைச் சார்ந்திருக்கிறது என்று மேக்ஃபைலில் எழுதிவிட்டால், ஃபைல்கள் மாறிய நேரத்தைப் பார்த்து, பழையதாகிப்போனதை மட்டும் அது திரும்ப உருவாக்கும். இதற்காக 2003-ஆம் ஆண்டின் ஏ.சி.எம். மென்பொருள் விருது ஃபெல்ட்மேனுக்குக் கிடைத்தது.

புராஜெக்டுகள் வளர்ந்தபோது ஃபோல்டருக்கு ஒரு மேக்ஃபைல், அவற்றை வரிசையாகக் கூப்பிட மேலே ஒன்று என்பது வழக்கமாயிற்று. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். 1990-களின் இறுதியில் பீட்டர் மில்லர் எழுதிய கட்டுரை இதன் ஓட்டையைக் காட்டியது. ஒவ்வொரு மேக்கும் தன் ஃபோல்டரை மட்டுமே பார்க்கிறது. முழுப் படம் யாரிடமும் இல்லை. அவர் சொன்ன தீர்வு எளிது: ஒவ்வொரு ஃபோல்டரும் தன் பட்டியலை ஒரு சின்னத் துண்டு ஃபைலில் வைத்துக்கொள்ளட்டும்; மேலே இருக்கிற ஒரே மேக் எல்லாத் துண்டுகளையும் உள்ளே இழுத்து, சார்புகளை ஒன்றாகப் பார்க்கட்டும். 2000-இல் பிறந்த சிமேக்கிலும் ஒவ்வொரு நிரலும் தனக்கு எந்த லைப்ரரி வேண்டும் என்று சொன்னால் போதும்; மீதியை அது கணக்குப் போட்டுக்கொள்ளும்.

எங்களிடம் இருந்தவை ஐந்து தனி மேக்ஃபைல்கள். எழுதியவன் நான். நான்கில் அந்த ஹெடரின் பெயரைப் போட்டிருந்தேன், ஐந்தாவதில் விட்டுவிட்டேன்.

அவனும் நானும் ஒரு வாரம் உட்கார்ந்து ஐந்தையும் ஒன்றாக்கினோம். ஹெடர் பட்டியலைக் கையால் எழுதுவதை விட்டு, கம்பைலரையே எழுத வைத்தோம். தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொல்ல எனக்கு இன்னொரு வாரம் பிடித்தது.

"பரவால்லண்ணா," என்றான். "திட்றதுக்கு முன்னாடி ஒரு மேக் கிளீன் அடிச்சுப் பாத்திருக்கலாம்."