சிறு பாடும் பறவைகளின் வலசைத் தடமறிதல்

பருவந்தோறும் இடம்பெயரும் தகைவிலான், கதிர்க்குருவி, திரஷ் போன்ற சிறு பறவைகளின் பயண வழியையும் இடைத்தங்கல்களையும் கண்டறியும் துறை. இவற்றுள் பல இரவில் பறப்பவை. ஓரிரு கிராமுக்கு மேல் சுமக்க இயலாதவை. ஆகவே கருவியின் எடை குறையக் குறையவே இத்துறை வளர்ந்தது.

கால்வளையம்: 1899இல் டென்மார்க்கின் வீபோர் நகர ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன், முகவரி பொறித்த அலுமினிய வளையங்களை 165 ஸ்டார்லிங் பறவைகளின் கால்களில் பூட்டினார். 1911 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் வளையமிட்ட தகைவிலான் ஒன்று, 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் அகப்பட்டது. இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இல் சாலிம் அலி தலைமையில் விரிவான வளையமிடல் திட்டத்தைத் தொடங்கியது. கோடியக்கரை அக்கழகத்தின் முக்கிய ஆய்வு நிலையங்களுள் ஒன்று. வளையம் பயணத்தின் இரு முனைகளைக் காட்டியது. நடுவழி மறைந்தே இருந்தது.

ரேடியோ: 1973இல் அமெரிக்காவின் பில் காக்ரன், ஸ்வைன்சன் திரஷ் ஒன்றின் மீது நுண் டிரான்ஸ்மிட்டரைப் பொருத்தி, ஆண்டெனா பூட்டிய வண்டியில் இல்லினாயிலிருந்து கனடாவின் மானிட்டோபா வரை ஏழு இரவுகளில் சுமார் 1500 கி.மீ. பின்தொடர்ந்தார்.

ஒளிப்பதிவுக் கருவி: ஜியோலொகேட்டர் எனப்படும் இது வெளிச்சத்தின் அளவை நேரத்தோடு பதிகிறது. பகற்பொழுதின் நீளம் அட்சரேகையையும், நண்பகல் நேரம் தீர்க்கரேகையையும் தரும். இரவும் பகலும் சமமாகும் நாட்களை ஒட்டி அட்சரேகைக் கணிப்பு பிழைபடும். பதிவைப் பெறப் பறவையை மீண்டும் பிடிக்கவும் வேண்டும். கனடா ஆய்வாளர் பிரிஜெட் ஸ்டட்ச்பரியின் குழு 2007இல் பென்சில்வேனியாவில் பறவைகளின் மீது இதைப் பொருத்தி, 2009இல் முடிவுகளை வெளியிட்டது. பர்ப்பிள் மார்ட்டின் என்னும் தகைவிலான் இனப் பறவை ஒன்று அமேசான் படுகையிலிருந்து 7500 கி.மீ. தொலைவை 13 நாளில் கடந்து கூடு திரும்பியிருந்தது. 2015இல் வெளியான ஆய்வு, 12 கிராம் எடையுள்ள பிளாக்போல் வார்ப்ளர் அட்லாண்டிக் கடல்மீது இரண்டு, மூன்று நாட்கள் இறங்காமல் பறப்பதை அரை கிராம் கருவிகொண்டு நிறுவியது.

தானியங்கி வலையமைப்பு: கனடாவின் பேர்ட்ஸ் கனடா அமைப்பு நடத்தும் 'மோட்டஸ்' திட்டத்தில், நுண் டிரான்ஸ்மிட்டர் சுமந்த பறவை ஏற்பி நிலையங்களைக் கடக்கும்போது அதன் குறிப்பலை தானாகவே பதிவாகிறது. பறவையை மீண்டும் பிடிக்கத் தேவையில்லை.

பயன்: ஸ்டட்ச்பரி குழு ஒளிப்பதிவுக் கருவி பொருத்தி மீண்டும் பிடித்த ஐந்து உட் திரஷ்களும் ஹோண்டுராஸ், நிகரகுவா நாடுகளின் குறுகிய காட்டுப் பகுதியிலேயே குளிர்காலத்தைக் கழித்திருந்தன. கூடு கட்டும் காட்டை மட்டும் காத்தால் அவை பிழைக்கா. குளிர்காலக் காடுகளும் இடைத்தங்கல்களும் நாடு கடந்து காக்கப்பட வேண்டும் என்பதற்குத் தடமறிதலே சான்று தருகிறது.