மூணாற்றின் ஒற்றைத் தண்டவாளம்

இயந்திரம் வந்தது, மாடு ஓய்ந்தது என்று வரலாற்றை ஒரே மூச்சில் கூறிவிடுவார் பலர். மூணாற்றில் அவ்வாறு நிகழவில்லை. தேயிலையை அனுப்பக் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் போடப்பட்ட பாதைக்குத் தண்டவாளம் ஒன்றே. பாரத்தின் பெரும்பகுதியை அது தாங்கும். பக்கத்துச் சக்கரமொன்று மண்சாலையில் உருண்டு, வண்டி சாயாமல் காக்கும். யூயிங் முறை என்பர். இழுத்தவையோ மாடுகள்! இரயிலும் கட்டை வண்டியும் ஓருருவாய்க் கூடிய விந்தை அது.

பொறியை அடிமையென்றோ அரக்கனென்றோ எண்ணுதல் பிழை, அதனுள் உறைவது மனித முயற்சியே என்பது பிரெஞ்சு மெய்யியலார் சிமோந்தோன் 1958இல் வெளியிட்ட நூலின் கருத்து. மாட்டின் மூச்சறிந்து வண்டி செலுத்தியவர்க்கு இது புதுமையாய் இராது என்றே நாம் கருதுகிறோம்.

1908இல் சிறு இரயில் வந்தது. டாப் ஸ்டேஷன் வரை அதில் சென்ற தேயிலை, கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தது. பெட்டிக்குக் கம்பிவடம் வாய்த்தது. அம்மலைக்குக் கூலிவேலை தேடி ஏறிய நம் முன்னோர்க்குக் கால்களே வாய்த்தன. இதனைச் சொல்லாது இரயிலின் பெருமை மட்டும் பேசுதல் நமக்கு உடன்பாடன்று.

1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம், மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பது, பாதையை அரித்துச் சென்றது. மண் சரிந்ததும் எஞ்சின் வெறும் இரும்பாயிற்று. இரயில் மீண்டும் ஓடவில்லை.

யூயிங் முறையில் 1907 முதல் பாட்டியாலாவில் ஓடிய இரயில் டில்லி இரயில் அருங்காட்சியகத்தில் உள்ளது. தலைநகர் செல்லும் அன்பர்கள் அந்தப் பக்கச் சக்கரத்தைச் சற்றே நின்று காண்க.